தூக்காத கை

அன்புத் தங்கச்சிக்கு,

பால்டிமோர்ல ஒரே மழை. என் முட்டி வலி அப்படியேதான் இருக்கு. நம்ம சபைக் கட்டடத்தை வித்தாச்சு, அடுத்த மாசம் இடிக்கிறாங்க. அம்மா பேர் போட்ட ஜன்னல் கண்ணாடியைக் கழட்டி வச்சிருக்கேன். வேணும்னா சொல்லு.

போன ஞாயிறு கடைசி ஆண்டு விழா. நாற்பது வருஷமா சபை வரலாற்றை நான்தானே வாசிக்கிறேன். அடிமையாப் பிறந்த பதினோரு பேர் குதிரை லாயத்துல ஜெபம் ஆரம்பிச்சது, வெள்ளைக்காரங்க தீ வச்சது, திரும்பக் கட்டினது எல்லாம் வாசிச்சேன். 1967க்கு வந்ததும் "அமைதியான வருஷம்"னு தாண்டிடுவேன். இந்தத் தடவை முடியலை. பழைய கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து உள்ளதை வாசிச்சேன்.

கல்யாணமாகாம வயித்துல பிள்ளையோட நீ சபை முன்னால நின்னு மன்னிப்புக் கேட்டே. "மன்னிக்கிறவங்க கையைத் தூக்குங்க"ன்னார் போதகர் பிராட்நாக்ஸ். தூக்கினவங்க முப்பத்தொண்ணு, தூக்காதவங்க முப்பத்தொண்ணு. சமமா வந்ததால உனக்கு மன்னிப்பு இல்லைன்னு தள்ளுபடி. அன்னைக்கே நீ டெட்ராய்ட்டுக்குப் பஸ் ஏறிட்டே. ஜெபம் பண்ண ஒரு ஆளில்லாம குழந்தையைப் புதைச்சேன்னு அப்புறம் எழுதினே.

நான் கையைத் தூக்கினேன்னுதான் உனக்குப் பதில் போட்டேன். தூக்கலை. சவப்பெட்டிக் கடைக்காரர் விளம்பரத்துக்காகச் சபைக்குக் கொடுத்த அட்டை விசிறியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிறு அதை வாசிச்சு முடிச்சதும், சபையில மிச்சமிருந்த ஒன்பது பேர் முன்னால கையைத் தூக்கினேன். எனக்கு மயக்கம் வருதுன்னு நினைச்சு ஒருத்தி ஓடி வந்தா. தூக்கின கையிலேயே ஒரு விசிறியைத் திணிச்சா.

"வீசிக்கோங்க சிஸ்டர், சரியாயிடும்."

உன் அக்கா