நாகராஜனுக்குக் காய்ச்சல் என்று நீ போட்ட கையெழுத்து

அபிஷேகப்பாக்கம்
ஈசுவர வருஷம் கார்த்திகை மாதம் 12-ந் தேதி

சைகோனில் இருக்கும் மகன் தணிகைவேலுக்கு உன் அப்பன் சிங்காரவேலு எழுதிக்கொள்வது. மாரியாத்தா தயவில் இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். மனசுக்குள் இருப்பது வேறே. பாதியில் மடித்து வைக்காமல் கடைசி மட்டும் படி.

உன் தங்கை மணியம்மாளுக்கு ஏழு மாசம், வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. பாகூர் ஏரி ரொம்பிவிட்டது, ஊரில் நடவு முடிந்தது. கிணறுகளில் தண்ணீர் மேலே நிற்பதால் பங்குனி வரைக்கும் தூர் எடுக்கிற வேலை கிடையாது, கரும்புக் கொல்லைக்குக் கூலி போகிறேன். உன் அம்மா அமுதத்துக்கு முழங்கால் வலி, அப்படியிருந்தும் போன மாசம் உன் கடிதம் வந்ததும் தெருவெல்லாம் நடந்து, என் பிள்ளை ஊர்க் கழிவுத் தண்ணியை இறைக்கிற மிசினுக்குப் பெரிய ஆளாகப் பரீட்சை எழுதப் போகிறான், பாசானால் செர்த்திபிக்கா என்று சர்க்கார் முத்திரை போட்ட காகிதம் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் கடிதத்தில் உன் புஸ்தகத்தில் இருப்பதையும் எழுதியிருந்தாய். கழிவுத் தண்ணிக் குழிக்குள் ஆளை விடுவதற்கு முன்னே இரண்டு பக்கத்து மூடியையும் திறந்து காத்தாட விடணும், கம்பிவலை போட்ட விளக்கை இறக்கி அணையாமல் எரிகிறதா என்று பார்க்கணும், இடுப்பில் கயிறு கட்டணும், மேலே இரண்டு பேர் நிற்கணும் என்று. முப்பது வருஷமாகக் கிணற்றுக்குள் இறங்குகிறவன் நான், வெள்ளைக்காரனும் இதைத்தான் எழுதி வைத்திருக்கிறான் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை சாமிக்கண்ணு கப்பலைவிட்டு இறங்கி நேரே நம்ம வூட்டுக்குத்தான் வந்தான், உன்னோடு அதே மிசின் கொட்டகையில் வேலை பார்த்தவன்தானே. வைத்த சோற்றைத் தொடவில்லை. மாமா, நீங்க அனுப்பிவச்ச நாகராஜன் காய்ச்சல்ல சாவல என்றான். மிசினில் கந்தல் அடைத்துக்கொண்டதாம், மேஸ்திரி அவசரப்பட்டு மூடியைத் திறந்த கையோடு அவனை இறக்கிவிட்டானாம், விளக்கும் விடவில்லை, கயிறும் கட்டவில்லை, நாலு படி இறங்கினவன் விஷக்காத்து பட்டு உள்ளே விழுந்துவிட்டானாம். மறுநாள் காய்ச்சலில் செத்தான் என்று காகிதம் எழுதி இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து கேட்டார்களாம். எங்கிட்ட நீட்னாங்க, மாட்டேன்னேன், வேலையவுட்டு நிறுத்திட்டாங்க, கப்பல் காசு சேத்து வர இத்தினி மாசமாச்சு, தணிகை போட்டுட்டான் என்றான். போட்டால் உன் பேரைப் பரீட்சைக்கு அனுப்புவதாக மேஸ்திரி சொன்னானாமே. எம் மவன் கையெழுத்தா, நல்லாப் பாத்தியா என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் ஆமாம் மாமா என்றான்.

டேய், உனக்கு இன்னாடா கேடு வந்தது? நாகராஜனை அங்கே கூப்பிட்டது யார்? ஆள் வேணும் என்று நீ எழுதித்தானே நான் கடலோரம் நல்லவாட்டுக்குப் போய், ஒத்தைப் பிள்ளையை வைத்துக்கொண்டு தாலியறுத்து உட்கார்ந்திருந்த காசம்மாளிடம், என் மவன் இருக்கிறான், பார்த்துக்குவான் என்று சொல்லி அனுப்ப வைத்தேன். வைகாசியில் சாவுச் செய்தி வந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ச்சலுக்கு யாரம்மா இன்னா பண்றது, விதி என்றேன். பெத்தவளிடம் உன் பொய்யை என் வாயால் சொல்ல வைத்துவிட்டாயே, பாவி. ஆறு மாசமாக அதை மறைத்துக்கொண்டு, விளக்கு இறக்கணும் கயிறு கட்டணும் என்று எனக்கே எழுதுகிறாய். பரீட்சையில் இதைத்தானே முதலில் கேட்பார்கள். பிரெஞ்சில் ஒழுங்காக எழுதிக் கீழே உன் பேரைப் போடுவாய், காய்ச்சல் காகிதத்தில் இருக்கிற அதே பேரை. அந்தச் செர்த்திபிக்காவைக் கொண்டுவந்து என் வூட்டுச் சுவரில் மாட்டலாம் என்று நினைக்காதே, கிழித்து அடுப்பில் போடுவேன்.

நேற்று நல்லவாட்டுக்குப் போனேன். பிள்ளை வேலை போய்விடும், போகாதே என்று உன் அம்மா காலைப் பிடிக்காத குறை. கேட்கவில்லை. காசம்மாள் மணலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன், உன் கையெழுத்தையும் சொன்னேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அவள் கையிலிருந்த மீனைத் திருப்பித் திருப்பி வைத்தபடியே இருந்தாள். அப்புறம், அண்ணே, எம் புள்ள வுழுந்ததும் யாராச்சும் எறங்கித் தூக்கினாங்களா, இல்ல அப்பிடியே வுட்டுட்டாங்களா என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? சாமிக்கண்ணைக் கேட்டால், அவன் அந்நேரம் உள்ளே மிசினண்டை இருந்தானாம், பார்க்கவில்லையாம், குழி வாயில் நின்றவன் நீதானாம்.

இப்போது சொல்வதைக் கேள். பரீட்சை நடத்துகிற பெரிய எஞ்சினீர் துரையிடம் நேரே போ, மேஸ்திரியிடம் கேட்காதே. நடந்ததை எழுதிக் கொடு, காய்ச்சல் என்று போட்டது பொய் என்று அதற்கும் கையெழுத்துப் போடு. பரீட்சையிலிருந்து உன் பேரை அடித்துவிட்டால் வூட்டுக்கு வந்துவிடு, என்னோடு மண்வெட்டி பிடிக்கலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. எழுதலாம் என்று சொன்னால் ராப்பகலாகப் படித்துப் பாசாகு. அந்தக் குழி வாயில் நின்று, இப்போ எவனும் இறங்கக்கூடாது என்று சொல்ல அதிகாரமுள்ள ஒருத்தன் வேணும். பயந்துபோய்த்தான் போட்டேன் என்றால் அப்படியே எழுது, பயந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு பொய் மட்டும் எழுதாதே.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லி அம்மா சொல்கிறாள். அழுதுகொண்டுதான் சொல்கிறாள். கோபம் எவ்வளவு இருந்தாலும் பெத்தவன் ஆசீர்வாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, ஆயுசோடு இரு, மாரியாத்தா உன் புத்தியைத் திருப்பட்டும். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் காசம்மாள் கேட்டதற்குப் பதிலை உன் கையால் அவளுக்கு எழுது, சாமிக்கண்ணு படித்துக் காட்டுவான். அடுத்த கப்பலில் பதில் வரும் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இந்தத் தரமாவது என் வாயைப் பொய்யாக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பன்
சிங்காரவேலு