நாலு ஜிபியில் ஓடாது என்று எழுதினேன்

ஜூலை 8, திங்கள்
காலையிலிருந்து தூறல். புத்தூர் பஸ் லேட். புடவை ஓரமெல்லாம் சேறு.

எச்.ஓ.டி. வேலை கொடுத்தார். கடைசி வருடப் பிள்ளைகளின் நெட்வொர்க் லேபுக்கு எந்த சிமுலேஷன் மென்பொருள் என்று நான் முடிவு செய்ய வேண்டும். ஓட்டிப் பார்த்து ட்ரையல் ரிப்போர்ட். வெள்ளிக்குள்.

1. படத்தை இழுத்துப் போடுவது (இனி ப.). ரவுட்டர், சுவிட்ச் எல்லாம் திரையில் பொம்மையாக. ஆறு வருடமாக நடத்துகிறேன். கண்ணை மூடிக்கொண்டே நடத்துவேன்.
2. நிஜ ரவுட்டருக்குள் இருக்கும் சிஸ்டத்தையே கம்ப்யூட்டரில் ஓட்டுவது (நி.). இலவசம். பெங்களூர் கம்பெனிகள் இதைத்தான் கேட்கிறார்களாம். எனக்கு அதை ஓட்டத் தெரியாது.
3. விலைக்கு வருவது. கேட்டாலே எச்.ஓ.டி. சிரிப்பார்.

வாங்க: துவரம்பருப்பு, குடை.

ஜூலை 10, புதன்
லேபில் சுகுணா எழுந்து கேட்டாள், இந்த வருடமாவது நி. உண்டா என்று. பாலசமுத்திரம் பெண், ஹாஸ்டலில் இருக்கிறாள். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். ஆந்திரக் காலேஜ் என்பதால் வகுப்பில் தெலுங்குதான் பேசுவாள், இன்று ஆர்வத்தில் தமிழே வந்துவிட்டது.

"பெங்களூர்ல எங்க அண்ணன் லேப்டாப்புல பாத்தேன் மேடம். நாலு நாள் குந்திக்கினு கத்துக்கினேன். இண்டர்வியூல இதத்தான் கேக்கறாங்களாம்."

"அது எட்டு ஜிபி மெமரி மிஷின்ல ஓடும்மா. நம்ப மிஷின் நாலு. ஓடாது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான் ஓட்டிப் பார்க்கவே இல்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் தடுமாற வேண்டுமே என்ற பயம், வேறொன்றும் இல்லை. "சரிங்க மேடம்" என்று உட்கார்ந்துவிட்டாள். நம்பிவிட்டாள்.

ஜூலை 12, வெள்ளி
நல்ல வெயில். எச்.ஓ.டி. வாசலில் நின்றே தெலுங்கில், "ரிப்போர்ட் அயிந்தா மேடம்?" முடிந்தது சார் என்று நீட்டினேன்.

எழுதியது: 'நி. 4 ஜிபி கணினியில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. இயங்கவில்லை. ப. பரிந்துரைக்கப்படுகிறது.' கீழே என் கையெழுத்து. படிக்காமலே சீல் குத்தினார். வழக்கம்போல லேப் கதவில் ஒட்டச் சொன்னார். பிள்ளைகள் நின்று படித்தார்கள். சுகுணாவும்.

சீ, என்ன ஜென்மம் நான். மதியம் தயிர்சாதம் இறங்கவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்
சந்திரகிரி பக்கத்துக் காலேஜில் பெங்களூர் கம்பெனி ஒன்றின் இண்டர்வியூ. நம் பிள்ளைகள் ஆறு பேர். எழுத்துத் தேர்வில் சுகுணா முதல் என்று மதியமே போன் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் அடுத்தது நேரில் கேள்வி. போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

சாயங்காலம்: இரண்டு பேருக்கு வேலை. சுகுணாவுக்கு இல்லை.

செப்டம்பர் 20, வெள்ளி
மத்தியான இடைவேளை. ஆளில்லாத லேப், கதவைச் சாத்திக்கொண்டேன். நாலு ஜிபி மிஷின் ஒன்றில் நி.-யை ஏற்றினேன். ஓடாமல் போய்விட வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டே. தப்புத் தப்பாகத் தட்டி அரை மணி. பிறகு மூன்று ரவுட்டர்களும் ஒன்றோடொன்று பேசின. ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது.

வீட்டில் அவர்: "இன்னா, துன்னாம குந்திக்கினு கீற?" தலைவலி என்றேன். இன்னொரு பொய்.

செப்டம்பர் 21, சனி
முதல் பீரியட் முடிந்ததும் சுகுணா ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. கோபம் என்மேல் இல்லை, இண்டர்வியூ எடுத்தவர்மேல்.

"அதுல ஏன் ப்ராக்டீஸ் பண்ணலன்னு கேட்டாரு மேடம். நாலு ஜிபில ஓடாது சார்னேன். என் பழைய லேப்டாப்புல ஓடுதேம்மான்னு சிரிச்சாரு. நான் வுடல. எங்க மேடம் ஓட்டிப் பாத்து கையெழுத்துப் போட்டுக்கீறாங்க, அவங்க தப்பா எழுதமாட்டாங்கன்னு சண்டையே போட்டேன். செரிம்மா, நீ போலாம்னுட்டாரு."

அவள் அப்பா பெங்களூரில் அண்ணனிடம் சொல்லித் தங்க இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாராம்.

சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் ஓட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அது தெரியாது. நேற்றுதான் ஓட்டினேன். ஓடுகிறது. பக்கத்து மேஜைகள் காலி. ஆள் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா குந்தி கத்துக்கினு இருக்கலாமே, மேடம்."