கொலைகாரி நானாகவே இருக்கட்டும்

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மொட்டை மாடியில் காயப்போட்ட போர்வை அடுத்த வீட்டு முருங்கையில்.

பங்குத் திருவிழா நாடகத்தில் எனக்குக் கொலைகாரி வேடம் தந்ததால் கோபித்துக்கொண்டு ஒத்திகைக்குப் போகவில்லை என்று கோயிலில் பேச்சு. தவறு. அந்த வேடத்தைக் கேட்டு வாங்கியதே நான். போகாததற்குக் காரணம் கடைவாய்ப் பல். பிடுங்கியாயிற்று.

மதியம் நாடகத்தை மறுபடி முழுதாக வாசித்தேன். கன்னியர் மடப் பள்ளி நாளில் ஆங்கிலத்தில் படித்த பழைய துப்பறியும் நாடகம், இப்போது நம்மூர்த் தமிழில். மலைபங்களா, விடாத மழை, சூப்பில் விஷம், முதலாளி பிணம். மற்ற எல்லோரும் பொய் சொல்கிறார்கள், ஆளுக்கொரு சின்ன வெட்கத்தை மறைக்க. சந்தேகம் முழுதும் சமையல்காரி மேல். கடைசியில் பார்த்தால், சாப்பாட்டு மேசையில் செபம் சொன்ன வீட்டம்மாள். தடயம் எல்லாம் முதல் காட்சியிலேயே கண்ணெதிரில். பட்டுச் சேலைக்கு மரியாதை கொடுத்து நாம்தான் பார்க்கவில்லை. என்ன மூளை எழுதியவருக்கு.

ஜூலை 16, புதன்

ஒத்திகை. நாடகக் குழுத் தலைவர் செசில், உப்பு வியாபாரி, தயங்கித் தயங்கி:

"ஆன்ட்டி, கடைசிக் காட்சிய மாத்திருவோம். சமையல்காரியே விஷம் வச்சதா முடிச்சிருவோம். ஒங்கள ஊரு கொலைகாரின்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

வீண் பயம் இல்லை. பெரிய வெள்ளி நாடகத்தில் என்றோ யூதாசாக நடித்த மரியானுக்குப் பேரன் பிறந்தாயிற்று. இன்னும் யூதாசு. பேரன், யூதாசு பேரன்.

சமையல்காரி வேடம் ஃபிலோவுக்கு. நிஜத்திலும் நாலு வீட்டில் சமைப்பவள்.

"விசம் வச்சவன்னு எனக்குப் பேரு விழுந்தா எந்த வீட்டு அடுப்படிக்குள்ள விடுவாங்க?" என்றாள்.

"ஏளா, நாடகம்தான. யாரு அப்படி நெனப்பா?"

"அப்ப ஆன்ட்டிய மட்டும் எப்படி அண்ணாச்சி நெனப்பாங்க?"

செசில் மின்விசிறியைக் கூட்டி வைக்கப் போனார்.

ஜூலை 17, வியாழன்

வாங்க: தைலம், கொண்டை ஊசி, ரவை.

தோகாவிலிருந்து போனில் மகன். "மம்மி, இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல? ஊரு சிரிக்கும்." சிரிக்கட்டும் என்றேன். மீன்காரி "கொலைகாரி வாராங்க" என்பாள். விலை குறைந்தாலும் குறையும்.

எனக்குப் பட்டப்பெயர் வந்தால் ஒரு வேளைச் சோறும் குறையாது. ஃபிலோவுக்கு அப்படியில்லை. மேடையில் அந்த மலைபங்களாக்காரர்கள் செய்யும் தப்பை மேடைக்குக் கீழே நாங்கள் செய்யப் பார்க்கிறோம். நாடகத்தின் மேல் மரியாதை கூடிவிட்டது.

பல் இருந்த இடம் இன்னும் வலி.

ஜூலை 18, வெள்ளி

செசிலுக்குக் கொடுத்தனுப்பியதன் நகல்:

அன்புள்ள செசில், சமையல்காரி குற்றமற்றவள். கடைசிக் காட்சி எழுதியபடியே நடந்தால் நடிப்பேன். மாற்றினால் என் பெயரை எடுத்துவிடுங்கள். எனக்கு வரும் பட்டத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். போனில் பேச வேண்டாம். ஞாயிறு பூசைக்கு முன் பதிலை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.