இரண்டு பக்கமும் பாடும் பெட்டி

ரிங்லெட்

அன்பு மகன் சர்வேஷுக்கு அப்பா எழுதுவது. மூட்டு வலியைத் தவிர வேறு குறையில்லாமல் நானும் அம்மாவும் இருக்கிறோம். டப்ளினில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க முருகன் துணை. வாட்ஸாப்பில் சொன்னால் கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். விஷயம் உன் பழைய கம்ப்யூட்டர், அந்தக் காலத்தில் எஸ்டேட் மேனேஜர் துரை மாற்றலாகிப் போகும்போது கொடுத்தது. நான் ரிட்டையர் ஆனதால் மாதக் கடைசியில் எஸ்டேட் வீட்டைக் காலி செய்து கம்போங் ராஜா ஊருக்குப் போகிறோம் அல்லவா, கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடும்படி நீயே சொல்லிவிட்டாய். அம்மாவும், சத்தம் வராத சாமான் எதுவும் லோரியில ஏறாதுலா என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பள்ளியில் படிக்கும்போது நீயே அதில் மெட்டுப் போட்டுக் கேசட்டில் பதிந்து வைத்த பாட்டு இருக்கிறதே, எனக்கு மனசு கேட்கவில்லை.

யூடியூபில் பார்த்து, கம்ப்யூட்டரில் மாட்ட ஒரு ஸ்டீரியோ சவுண்ட் போர்டு செய்யச் சாமான்களைத் தபாலில் வரவழைத்தேன். முன்பு ஒரே ஸ்பீக்கரில் கலந்து வந்ததை அது இடம் வலமாகப் பிரித்து இரண்டு ஸ்பீக்கருக்கு அனுப்பும். மூக்குக்கண்ணாடி மேல் இன்னொரு கண்ணாடி போட்டு, ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். ஒரு சிப்பைத் திருப்பி வைத்ததில் புகை வந்தது, அம்மாவிடம் உளறிவிடாதே. நேற்றுப் பெட்டி பாடிவிட்டது சர்வேஷ். ஆனால் கோயில் திருவிழாவுக்கு மேட்டு லயத்து வீடுகளுக்கு ஒன்று, பள்ளத்து லயத்து வீடுகளுக்கு ஒன்று என்று ஸ்பீக்கர் கட்டிப் பழகிய கையல்லவா, ஒன்றை ஹாலிலும் மற்றதை அம்மாவுக்காக அடுப்படியிலும் வைத்துவிட்டேன். ஹாலில் வெறும் தாளம். அடுப்படியிலிருந்து அம்மா, என்னங்க, மெட்டு மட்டும் மொட்டையா வருது, புள்ள பாட்டக் கெடுத்துட்டீங்களே என்று சண்டைக்கு வந்தாள். நன்றாகச் சண்டை போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, பாட்டில் பாதி அவளிடம், பாதி என்னிடம்.

இரண்டையும் ஹாலில் வைத்து, அம்மாவை நடுவில் உட்கார வைத்தேன். கரண்டியைக் கீழே வைக்காமல் கடைசி வரை கேட்டாள். இத்தன வேலயா செஞ்சு வச்சிருந்தான், அன்னிக்கு நமக்குக் கொசு கத்துற மாரிதான கேட்டுச்சு என்று கண் கலங்கிவிட்டாள். இப்போது பெட்டி லோரியில் வேண்டாமாம், அவள் மடியில்தான் வருமாம்.

குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே. அக்கம்பக்கத்தாரிடம் நாலு வார்த்தை பேசு. எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். உன் பாட்டைப் போனில் பிடித்து அனுப்பச் சொன்னாள் அம்மா, நான் அனுப்பவில்லை. போனில் மறுபடி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அதை எங்கள் நடுவில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும், வந்து கேள்.

உன் அப்பா,
குணாளன்