தாயாரின் சாட்சியத்தால் முடித்துவைக்கப்பட்ட ஆட்டிசம் மதிப்பீடு

அனுப்புநர்
நேவியா புலிச் (வயது 43),
துறைமுகச் சரக்கு அலுவலக ஊழியர்,
ரியேகா, குரோவேஷியா.

பெறுநர்
நோயாளர் குறைகேட்பு அலுவலர் அவர்கள்,
மனநலச் சேவைப் பிரிவு,
ரியேகா.

பொருள்: தாயாரின் சாட்சியத்தை மட்டும் கொண்டு எனது ஆட்டிசம் மதிப்பீடு முடிக்கப்பட்டது – மறுமதிப்பீடு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. துறைமுக எடைமேடைச் சாவடியில் பல ஆண்டுகள் தனியாக வேலை பார்த்தேன். லாரி வரும், எடை போடுவேன், சீட்டைக் கொடுப்பேன். ஈராண்டுக்கு முன் சாவடியை மூடிவிட்டு என்னை வாடிக்கையாளர் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே மணியும் தொலைபேசியும் ஆட்களின் பேச்சும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. வேலை நேரத்தில் எழுந்துபோய்க் கழிவறையில் தாழிட்டுக்கொண்டேன். இன்னொரு முறை நடந்தால் பணிநீக்கம் என்று எச்சரிக்கைக் கடிதம் தந்திருக்கிறார்கள். மருத்துவச் சான்று கொண்டுவந்தால் தனி அறை தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

2. ஓராண்டுக்கு மேல் காத்திருந்தபின் மதிப்பீட்டுக்கு அழைப்பு வந்தது. மருத்துவர் பொறுமையாகவே விசாரித்தார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை. என் குழந்தைப் பருவத்தைப் பார்த்தவர் ஒருவர் வந்து பேச வேண்டும் என்றார். தந்தை உயிரோடில்லை. ஆகவே என் தாயார் மரிச்சாவை அழைத்துச் சென்றேன்.

3. தாயார் தலைமுடியைச் சீர்செய்துகொண்டு, மருத்துவருக்காக வால்நட் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும், "எங்க நேவியாவுக்கு ஒரு குறையும் கிடையாது டாக்டர். எல்லாரையும் கண்ணைப் பாத்துத்தான் பேசுவா. சின்னதுலேர்ந்தே அப்படித்தான்" என்றார். அழுது அடம்பிடித்ததுண்டா என்று மருத்துவர் கேட்டார். "ஏன் அழப்போறா? நான் இருந்தேனே" என்றார். குழந்தைப் பருவத்தில் அறிகுறி ஏதுமில்லை என்று எழுதி மதிப்பீட்டை முடித்துவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மறுத்துப் பேச வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

4. நடந்தது வேறு. ஏழு வயதுவரை நான் வீட்டுக்கு வெளியே பேசியதில்லை. முடி வெட்டும்போது தொண்டை கட்டும்வரை கத்துவேன். தாயார் மாலைதோறும் சமையலறை மேசையில் என்னை எதிரே உட்காரவைத்து, முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, "ரெண்டு புருவத்துக்கும் நடுவுல பாரு. கண்ணைப் பாக்குறேன்னு நினைச்சுக்குவாங்க" என்று பழக்கினார். இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன். மருத்துவரையும் அப்படித்தான் பார்த்தேன்.

5. பேருந்தில் திரும்பும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். தாயார் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ சின்னப் பொண்ணா இருந்தப்ப கீழ் வீட்டு வெஸ்னா தன் பையனைப் பத்தி டாக்டர்கிட்ட உள்ளதை உள்ளபடி சொன்னா. தூக்கிட்டுப் போய்த் தீவுல இருக்கிற இல்லத்துல போட்டுட்டாங்க. அப்புறம் அவன் வீட்டுக்கு வரவே இல்ல. அதைப் பாத்துட்டுத்தான் நான் வாயைத் திறக்கல. இன்னிக்கும் திறக்க மாட்டேன்."

இப்போது யாரையும் அப்படிக் கொண்டுபோவதில்லை, அம்மா என்றேன்.

"அவகிட்டயும் நல்லவிதமாத்தான்டி பேசினாங்க" என்றார்.

பிறகு இறங்கி ரொட்டி வாங்கினோம். இரவுக்கு மத்தி மீன் வறுக்கட்டுமா என்று கேட்டார். சரி என்றேன்.

6. ஆகவே, என் சொந்த வாக்குமூலத்தைக் கேட்டு மதிப்பீட்டை மீண்டும் நடத்த உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தாயாரை மறுபடி விசாரணைக்கு அழைக்க வேண்டாம். அவர் பொய் சொன்னதாகக் கோப்பில் எங்கும் எழுதவும் வேண்டாம்.

7. தங்கள் பதிலை அலுவலக முகவரிக்கு அனுப்பக் கோருகிறேன். வீட்டில் தபாலை வாங்குபவர் என் தாயார். அரசு முத்திரையிட்ட உறையைக் கண்டால், என்னைக் கொண்டுபோக வந்துவிட்டார்கள் என்று நினைப்பார்.

இடம்: ரியேகா
நாள்: 11 மார்ச் 2024

இப்படிக்குத் தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
நேவியா புலிச்