நான் நீட்டிய தட்டு

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீடு. பக்கத்து நாற்காலியில் இருந்த என் தம்பி மகன், பேனா மாதிரி ஒன்றை வாயில் வைத்து இழுத்தான். குப்பென்று மாம்பழ வாசனை. என்னடா இது என்று கேட்டேன். “பீடி மாதிரி கெடுதல் இல்ல பெரியப்பா, வெறும் ஆவிதான்” என்றான். நான் பந்திக்குக் காத்திருக்காமல் எழுந்து வந்துவிட்டேன். சாப்பிடாமல் வந்ததில் என் மனைவிக்குக் கோபம். எனக்கோ, நீ போய்ச்சேர்ந்து இத்தனை வருஷம் கழித்தும் உன் குரல்தான் கேட்டது. “சும்மா பஞ்சு இளகத்தான் அண்ணாச்சி” என்று நீ சொன்னதும் இதே தொனியில்தான்.

எண்பதுகளின் நடுவில், மில் கேட்டுக்கு எதிரே நான் டீக்கடை போட்டிருந்த காலம் அது. பஞ்சு கிடக்கும் இடம் என்பதால் பீடி, தீப்பெட்டி எதுவும் உள்ளே போகக்கூடாது. வாட்ச்மேன் மடியைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார். அதனால் எல்லோரும் பீடிக்கட்டை என் கடையில் கொடுத்துவிட்டுப் போவீர்கள். அதற்கென்றே அறை அறையாக ஒரு மரப்பலகை அடித்து, மில்லில் ஒவ்வொருவருக்கும் கொடுத்த டிக்கெட் நம்பரையும் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தேன். பத்திரமாக வைத்திருந்து தருவதும் நான்தான், தீர்ந்தால் புதுக்கட்டு விற்பதும் நான்தான். உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை அன்றைக்கே எனக்குக் கிடையாது.

நீ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாய். பஞ்சைப் பிரித்துத் தூசி எடுக்கும் பகுதியில் வேலை. ஷிப்டு முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். இருமிக்கொண்டே வந்து பீடியைப் பற்றவைப்பாய். தொண்டையில் அடைத்த பஞ்சைப் புகை இளக்கிவிடும் என்று மில்லில் பாதிப் பேர் நம்பினீர்கள். இருமலுக்குப் பழி பஞ்சின் மேல், மருந்து பீடி. நானும் நம்பினேன். நம்பினால்தானே எனக்கு வியாபாரம்.

அப்புறம் உன் வலது கால் பெருவிரல் கறுத்தது. ஈரத்தில் நின்றதால் என்றாய். செருப்பு கடித்தது என்றாய். மதுரையில் டாக்டர் விரலை எடுத்துவிட்டு ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். பீடியால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டே வருகிறது, அடியோடு விட்டால் கால் மிஞ்சும், ஒரு நாளைக்கு ஒன்று என்று குறைத்தாலும் கால் போய்விடும். உனக்கு நின்று செய்யும் வேலை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள்.

கட்டுப் போட்ட காலோடு கடைக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னாய். “அண்ணாச்சி, என் நம்பரை அழிச்சிருங்க. நான் கெஞ்சினாலும் குடுக்காதீய. ஏசுனாலும் குடுக்காதீய.” நான் ஈரத்துணியால் துடைத்தேன். “உள்ள எட்டு மணி நேரம் இருக்கேன், நெனப்பே வர மாட்டேங்கு. கேட்டைத் தாண்டி உங்க கடையைப் பாத்ததும் கை பீடியைத் தேடுது. அப்ப ஒடம்பு கேக்குறது பாதி, எடம் கேக்குறது பாதி” என்றாய். அன்றிலிருந்து என் கடைப்பக்கமே வராமல் மில் சுவரை ஒட்டி நடந்தாய். சட்டைப்பையில் பொரிகடலை. ஆசை முட்டினால் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, ரோட்டில் அடுத்த பஸ் போகிறவரை பொறுத்தால் அடங்கிவிடுகிறது என்று ஆட்களிடம் சொல்வாயாம்.

முதல் வாரம் யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தாய். பன்னிரண்டாம் நாள் வேர்த்து விறுவிறுத்து என் முன்னால் வந்து நின்றாய். “ஒண்ணே ஒண்ணு” என்றாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அப்பனையும் பாட்டனையும் இழுத்து ஏசினாய். கிளாஸ் ஒன்று உடைந்தது. நான் கொடுக்கவில்லை. மறுநாள் உன் மனைவி வந்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

நாற்பத்தோராம் நாள் என் மூத்த மகள் கல்யாணம். பந்தி முடிந்து ஆண்கள் வரிசையாக ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அப்போதைய வழக்கம் உனக்குத் தெரியும். தட்டில் வெற்றிலை, பாக்கு, டம்ளரில் நிற்கவைத்த சிகரெட். பெண்ணைப் பெற்றவன் தன் கையால் ஒவ்வொருவர் முன்னும் நீட்ட வேண்டும். ஒருவரைத் தாண்டி அடுத்தவருக்கு நீட்டினால் அதோடு உறவே அறுந்துபோன வீடுகள் உண்டு. உனக்கு ஒரு பக்கம் சம்பந்தியின் அண்ணன், மறுபக்கம் அவர் மச்சினன். குனிந்தபடி வந்துகொண்டிருந்த எனக்கு முதலில் உன் கால் கட்டுத்தான் தெரிந்தது. டம்ளரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வெற்றிலையை நீட்டியிருக்கலாம். அது இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது. அந்த நேரம் தோன்றியதெல்லாம் நாலு பேர் பார்க்கிறார்களே என்பதுதான். நீட்டினேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சிரித்தேன், கல்யாண வீட்டுக்காரன் சிரிப்பு. சபையில் மறுத்தால் எனக்கு மரியாதைக் குறைவு என்று நீ நினைத்திருப்பாய். ஒன்றை எடுத்தாய். சம்பந்தியின் அண்ணன் தீக்குச்சி கிழித்து நீட்டினார்.

திங்கட்கிழமை கடைக்கு வந்து கேட்டாய். மறுத்தேன். நீ பஸ் ஸ்டாப் பக்கம் வேறு கடைக்குப் போனாய். ஆடியில் ஆண்டாள் கோயில் தேர் ஓடுவதற்கு முன்னாலேயே உன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டதுதான், பிறகு நீ தொடவேயில்லை. நான் மட்டும் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் பீடி விற்றேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் உன் நுரையீரல் பழுதானது. முன்னமே உள்ளே போன புகை தன் வேலையை முடித்திருந்தது. கடைசியாக உன் வீட்டுக்கு வந்தபோது தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாய். நாலு வார்த்தை பேச இரண்டு தரம் மூச்சு வாங்கியது. பதினோரு வருஷமாகச் சொல்லாததை அன்று சொன்னேன். “அன்னைக்கு நான் தட்டை நீட்டியிருக்கக் கூடாதுப்பா.”

“எடுத்தது என் கைதான அண்ணாச்சி” என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஆறுதலாக வீடு வந்து சேர்ந்திருப்பேன். உன் மனைவி அடுக்களைக்குப் போனதும் மெதுவாகச் சொன்னாய். “இன்னைக்கும் தோணுது. காலையில கண்ணு முழிச்சதும் தோணுது. வீட்ல சொன்னா பயந்துருவாக, அதான் சொல்லல. அந்தச் செத்த நேரத்தைத் தள்ளி விட்டுருதேன், அம்புட்டுதான்.”

நீ விட்டுவிட்டாய் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நீயோ பதினோரு வருஷமும் தினந்தினம் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய், ஒருவருக்கும் தெரியாமல். இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. சண்டை போட்ட அத்தனை நாளிலும் நீ தோற்றது ஒரே ஒரு நாள். அது என் வீட்டில், என் கையால் நடந்தது.