ஜன்னல் சீட்டும் நூனோவின் பையும்

மண்ணூர்,
9.12.2012, ஞாயிறு

அன்பு மனைவி இசக்கிசெல்விக்கு,

வேல்ராஜ் எழுதுவது. இங்கே நான் நலம். அந்தக் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம் குவாலிட்டி ரகுபதி சார் கம்பெனிக்குப் பாகம் வார்க்கும் புது அச்சைப் பார்வையிட இந்த வாரம் போர்த்துகல் வருகிறார். பார்சலோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது. போன ஞாயிறுதான் பார்த்தாயே. படிப்பை ஜூலை வரைக்கும் நீட்டித்துத் தருகிறார்கள், சரியென்று சொல்லட்டுமா என்று நீ ஆசையாகக் கேட்டாய். உனக்கு சீட் பிடிக்கத்தான் அங்கே ஆள் இருக்கிறதே, நிரந்தரமாகவே இருந்துகொள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. மோட்டார் ஓடும்போதே குடத்தையெல்லாம் நிரப்பி வைத்துவிடுகிறேன். வீட்டுக்கார ஞானம்மா கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கிறார். வருகிற போகிறவர்களிடமெல்லாம், “எங்க வூட்டுப் பொண்ணு ஃபாரின்ல பட்ச்சிகினு கீது” என்று பெருமை. என்னைப் பார்த்தால் மட்டும், “இன்னா தம்பி, இப்டி எளச்சிட்டே? சாப்ட்டியா இல்லியா?” என்று குரல் இறங்கிவிடும். சங்கரன்கோவிலிலிருந்து அம்மா போன் செய்தால் வேறு பாட்டு. “பொண்டாட்டிய கடல் தாண்டி அனுப்பிட்டு நீ அங்க என்னல செய்த?” என்று கேட்கிறாள். சோறு பொங்குகிறேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

செல்வி, எனக்குப் பொறாமை. மூடி மறைத்து எழுத எனக்கு வராது. கம்பெனி ஒரே ஒரு ஆளைத்தான் ஒரு செமஸ்டர் படிக்க அனுப்பும் என்று அறிவித்தபோது பரீட்சை எழுதலாம் என்று உன்னை இழுத்துக்கொண்டு போனதே நான்தான். இரண்டு பேரும் ஒரே சிடியைப் போட்டுத்தான் போர்ச்சுக்கீசியம் படித்தோம். நன்றி சொல்ல ஆண் ‘ஒப்ரிகாடோ’ என்பான், பெண் ‘ஒப்ரிகாடா’ என்பாள் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். கடைசியில் உன் பெயர் வந்தது. டிபார்ட்மெண்ட் முழுக்க லட்டு கொடுத்தேன். எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் மட்டும் லட்டு தின்னவில்லை, நீ கவனித்தாயா என்று தெரியவில்லை.

அதைக்கூட விழுங்கிக்கொண்டேன். தீபாவளியன்று நீ பேசும்போது நடுவில் யாரோ உன்னிடம் ஏதோ சொன்னார்கள். நீ அந்த மொழியில் படபடவென்று பதில் சொல்லிவிட்டுச் சிரித்தாய். என்ன சொன்னாய் என்று கேட்டேன். தமிழில் சொன்னால் சிரிப்பு வராது என்றாய். நீ சிரித்து நான் காரணம் தெரியாமல் நின்றது அன்றுதான் முதல் முறை. அந்த சிடியை அன்றைக்கே பரணில் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அதற்கு மேல் இந்த நூனோ. வகுப்புக்குக் கடைசி ஆளாக நீ போனாலும், கூடப் படிக்கும் நூனோ தன் பையை வைத்து ஜன்னல் பக்கம் உனக்கு சீட் பிடித்து வைத்திருப்பான் என்று ஈமெயிலில் எழுதியிருந்தாய். எழுதும்போது நம் கம்பெனி பஸ் உனக்கு ஞாபகமே வரவில்லையா? நீ வடக்குப்பட்டு ஹாஸ்டலில் இருந்த காலத்தில் நான் மண்ணூரிலேயே ஏறி, பக்கத்தில் கர்ச்சீப் போட்டு உனக்கு ஜன்னல் சீட் பிடித்துக்கொண்டு வருவேன். நம் பஸ்ஸில் ஒருவன் ஒருத்திக்குத் தினமும் சீட் பிடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று டிரைவர் தாண்டவராயனுக்கே தெரியும். நான் வாய் திறந்து உன்னைக் கேட்கும் முன்பே அவர், “பத்திரிகை எப்போ வெக்கிற?” என்று கேட்டுவிட்டார். வேறு எப்படி நான் உன்னிடம் சொன்னேன்? அந்தக் கர்ச்சீப்தானே சொன்னது. அப்படியிருக்க, ஒருவன் தினமும் பையை வைத்து உனக்கு இடம் பிடிக்கிறான் என்றால் எனக்கு வயிறு எரியாதா?

ரகுபதி சாரிடம் விசாரித்தேன். ஏற்கெனவே அங்கே போய் வந்தவர் ஆயிற்றே. யாருக்கு வேண்டுமானாலும் பிடித்து வைப்பார்கள், அதில் ஒன்றும் கிடையாது என்றார். எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார் என்றே நினைத்தேன். நீ போனதிலிருந்து பக்கத்து சீட்டில் உன் நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்பைப் போட்டுக்கொண்டுதான் நான் வேலைக்குப் போகிறேன். கேட்டவர்களிடமெல்லாம் ஆள் இருக்கிறது என்றேன். பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் விட்டுவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. அசெம்ப்ளி செக்‌ஷன் மதிவதனி வடக்குப்பட்டில் நனைந்துகொண்டு ஏறினாள். நிறைமாதம் அவளுக்கு. பஸ் முழுக்க ஆள். ஜன்னல் சீட்டைப் பார்த்தாள். ஆள் இருக்கிறது என்று என் வாய் தன்னால் சொல்லிவிட்டது. அவள் நகர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தாண்டவராயன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பினார். “இன்னா வேலு, ஃபாரின்ல கீற பொண்ணுக்கு இங்க சீட் வச்சிகினு, மாசமா கீற புள்ளய நிக்க வுடுற? எட்றா அத்த!” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கர்ச்சீப்பை எடுத்தேன். அவள் உட்கார்ந்ததும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஒரகடம் கம்பெனி வாசல் வந்ததும் நான்தான் எழுப்பினேன்.

மறுநாளிலிருந்து அவளுக்கு நானே இடம் பிடிக்கிறேன். பஸ்ஸில் ஒருவரும் அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்கவில்லை. அவள் வீட்டுக்காரன் இனியவன் வந்து, “தேங்க்ஸ்ணா” என்று கையைப் பிடித்துக்கொண்டான். அந்த நூனோவும் இப்படித்தான், வெளியூர்ப் பெண் நிற்க வேண்டாம் என்று வைத்திருப்பானோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர மனம் முழுசாக ஆறவில்லை. மதிவதனிக்கு நான் சீட் பிடிப்பதைப் படித்ததும் உனக்குச் சுருக்கென்று இருந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஜூலை வரைக்கும் இருந்து படி. கல்லூரிக்குச் சரியென்று சொல்லிவிடு. நான் எழுதித் தோற்ற பரீட்சை அது. அதில் ஜெயித்துக் கிடைத்த படிப்பை நீ பாதியில் விட்டுவிட்டு வந்தால் நம் இரண்டு பேருக்கும் நஷ்டம். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். சிடியையும் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். அன்றைக்கு எதற்குச் சிரித்தாய் என்று நீ வந்து அந்த மொழியிலேயே சொல். புரிகிறதா பார்க்கிறேன்.

பார்சலில் பருப்புப்பொடி, மோர்மிளகாய், ஞானம்மா கொடுத்த முறுக்கு இருக்கின்றன. நூனோவுக்கும் கொடு, மோர்மிளகாயை மட்டும் தாராளமாகக் கொடு. அடியில் உன் நீலக் கர்ச்சீப் இருக்கிறது. துவைத்துத்தான் வைத்திருக்கிறேன். இது கைக்கு வந்த மறுநாளிலிருந்து வகுப்புக்குச் சீக்கிரம் போய், அதைப் போட்டு உன் சீட்டை நீயே பிடித்துக்கொள். கடைசி ஆளாகப் போக வேண்டாம்.

அடுத்த வாரம் மதிவதனி பிரசவத்துக்கு லீவில் போகிறாள். சீட் மறுபடியும் காலியாகிவிடும். வேறு கர்ச்சீப் போட எனக்கு மனசில்லை. யாராவது நின்றால் கொடுத்துவிடுவேன். மற்ற நாளில் அந்த சீட்டின்மேல் கையை வைத்துக்கொண்டே ஒரகடம் வரை போவேன். ஜூலை வரைக்கும் வைத்திருப்பேன். அதற்கு மேல் கை வலிக்கும், செல்வி.

நல்லபடியாகப் படித்து, நீ நீயாகவே திரும்பி வர சங்கரநாராயணரை வேண்டிக்கொள்ளும்,

உன் வேல்ராஜ்